குதிரைமலைக்கு ஒரு தாமதமான பயணம்

1984 இல், பத்திரிகைத் துறையில் நான் இன்னமும் இளையவனாக இருந்த காலத்தில், வாரமலர் ஒன்றுக்காகக் குதிரைமலை பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். புறநானூறு பாடும் பிட்டங்கொற்றனின் குதிரைமலை, புத்தளத்துக்கு வடக்கே வில்பத்துக் கடற்கரையில் உள்ள குதிரைமலையே என்பது அதன் சாரம். முதலியார் செ. இராசநாயகம் 1926 இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'பண்டைய யாழ்ப்பாணம்' என்ற நூலில் கூறியதை நான் சற்றே உரத்த குரலில் திருப்பிச் சொன்னேன் என்பதே உண்மை. காலமும் அப்படிப்பட்டது. இந்த மண்ணில் யார் முதலில் காலூன்றினார்கள் என்ற கேள்வி மேடைகளிலும் பத்திரிகைகளிலும் கொதித்துக்கொண்டிருந்தது. கட்டுரைக்குப் பாராட்டுகள் குவிந்தன.

அவற்றிடையே ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரின் கடிதமும் இருந்தது. நான்கே வரிகள். புறநானூற்றுக் குதிரைமலையில் அருவி ஒலிக்கிறது, மிளகுக்கொடி படர்கிறது, காந்தள் பூக்கிறது, குறவர் தினை விதைக்கிறார்கள். வில்பத்துக் குதிரைமலையில் இவற்றுள் எதைக் கண்டீர்கள்? தாங்கள் அங்கு போனதுண்டா? இவ்வளவுதான் அவர் கேட்டிருந்தார்.

நான் போனதில்லை. அந்தக் கடிதம் அச்சேறவுமில்லை. வாசகர் கடிதங்களைத் தெரிவு செய்யும் பொறுப்பு அப்போது என்னிடமே இருந்தது. இடப் பற்றாக்குறை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த ஆண்டு போய்ப் பார்த்துவிட்டுப் பதில் எழுதலாம் என்றும் எண்ணினேன். அந்த 'அடுத்த ஆண்டு' வர நாற்பது ஆண்டுகள் ஆயின.

காடு மூடிய காலம்

1985 மே 14 ஆம் திகதி தமிழீழ விடுதலைப் புலிகள் அநுராதபுரத்தினுள் புகுந்து பொதுமக்களைச் சுட்டுக் கொன்றனர். அதே நாளில் வில்பத்து தேசிய பூங்காவினுள்ளும் ஊழியர்கள் உட்படப் பலர் கொல்லப்பட்டனர். அந்தத் தசாப்தத்தின் பிற்பகுதியில் பூங்கா மூடப்பட்டது. சமாதான முயற்சிகளின்போது 2003 இல் திறக்கப்பட்டு, போர் மீண்டபோது திரும்பவும் மூடப்பட்டது. 2006 மே 28 ஆம் திகதி அங்கு சென்ற ஆங்கில நாவலாசிரியர் நிஹால் டி சில்வாவும் அவருடன் வாகனத்தில் சென்றவர்களும் கண்ணிவெடிக்குப் பலியாகினர். ஆனையிறவிலிருந்து புறப்படும் ஒரு சிங்கள இராணுவ அதிகாரியும் ஒரு தமிழ்ப் போராளிப் பெண்ணும் வில்பத்துக் காட்டைக் கால்நடையாகக் கடக்கும் கதையை எழுதியவர் அவர். எந்தக் காட்டில் இரு இனத்தாரையும் ஒன்றாக நடக்கவிட்டாரோ, அந்தக் காட்டிலேயே அவர் உயிர் போனது. போர் முடிந்த பின்னர், 2010 இல், பூங்கா மறுபடியும் திறக்கப்பட்டது.

சென்ற ஆண்டு ஓகஸ்ட் மாதம், புத்தளத்திலிருந்து அதிகாலையில் புறப்பட்டு எழுவன்குளம் நுழைவாயிலை அடைந்தேன். கலா ஓயாவின் சப்பாத்துப் பாலத்தின் மேல் கணுக்காலளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மாரியில் இதே பாலம் பல நாட்கள் நீருக்குள் மறைந்துவிடும் என்றார் ஜீப் வண்டிச் சாரதி. அவர் புத்தளத்து முஸ்லிம் இளைஞர். வனஜீவராசிகள் திணைக்களத்தின் வழிகாட்டியாக எம்முடன் வந்தவர் நொச்சியாகமைச் சிங்களவர். மூவரும் தமிழும் சிங்களமும் கலந்து பேசிக்கொண்டே போனோம்.

வில்பத்து இலங்கையின் மிகப் பெரிய தேசிய பூங்கா. அதன் பரப்பு ஏறத்தாழ 1,317 சதுர கிலோமீற்றர். தெற்கே கலா ஓயாவும் வடக்கே மோதரகம் ஆறும் எல்லைகள், மேற்கே கடல். 1905 இல் சரணாலயமாகவும் 1938 இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. இதற்குப் பெயர் தந்தவை 'வில்லு'கள். இவை குளங்கள் அல்ல. அணை கட்டித் தேக்கப்பட்டவையும் அல்ல. மணல்மேடுகளுக்கிடையே இயற்கையாக அமைந்த பள்ளங்களில் மழைநீர் தேங்கி நிற்கும் ஏரிகள். அவற்றின் பெயர்களைக் கேட்டாலே இந்தக் காட்டின் பழைய மனிதர்கள் கண்முன் வருவார்கள். காளி வில்லு என்றும் குருட்டுப் பாண்டி வில்லு என்றும் பணிக்கர் வில்லு என்றும் அவை வழங்குகின்றன. பணிக்கர் என்போர் யானை பிடிப்பதில் தேர்ந்த முஸ்லிம்கள். அவர்களது தொழில் போய்விட்டது. பெயர் தண்ணீரில் தங்கிவிட்டது.

பொம்பரிப்பின் தாழிகள்

குதிரைமலைக்குப் போகும் வழியில் பொம்பரிப்பு இருக்கிறது. உண்மையில் இந்தக் காட்டின் மிகப் பெரிய செல்வம் இங்கேதான் புதைந்து கிடக்கிறது. ஆனால் சிறுத்தையையும் கரடியையும் தேடி வருகின்ற வாகனங்களில் மிகச் சிலவே இந்தப் பக்கம் வேகம் குறைக்கின்றன.

பாலையும் வீரையும் வளர்ந்த காட்டின் நடுவே சற்றே வெளியான நிலம். மண்ணோடு மண்ணாகச் சில தாழிகளின் விளிம்புகள் வளையம் வளையமாகத் தெரிந்தன. இறந்தவர்களின் எலும்புகளைப் பெரிய மட்பாண்டங்களில் இட்டு, சிறு கலங்களையும் உடன் வைத்து, மூடிப் புதைத்த மக்களின் இடுகாடு இது. 1920களில், அன்றைய தொல்பொருள் ஆணையாளர் ஹோகார்ட் இங்கு முதலில் அகழ்ந்தார். 1950களில் பி. ஈ. பி. தெரணியகல தொடர்ந்தார். 1970 இல் விமலா பெக்லி முறையான அகழ்வொன்றை மேற்கொண்டார். ஒரே தாழியினுள் ஒருவருக்கு மேற்பட்டோரின் எலும்புகள் கிடைத்தன. உள்ளே கருமையும் வெளியே செம்மையுமான, கறுப்பு-சிவப்பு மட்கலங்கள் எனத் தொல்லியலாளர் குறிப்பிடும் பாண்டங்களும் கிடைத்தன. கிறிஸ்துவுக்கு முந்திய முதலாம் ஆயிரம் ஆண்டைச் சேர்ந்த இரும்புக்காலப் பண்பாடு இது.

இதைக் கேட்டவுடன் தமிழ் வாசகருக்கு ஆதிச்சநல்லூர் நினைவுக்கு வரும். வர வேண்டியதுதான். தாமிரபரணிக் கரையில் அலெக்சாண்டர் றீ 1899 முதல் சில ஆண்டுகள் அகழ்ந்து கண்ட அந்தத் தாழிக்காட்டுக்கும் பொம்பரிப்புக்கும் உள்ள ஒற்றுமையை ஆய்வாளர் பலர் சுட்டிக்காட்டியுள்ளனர். தூத்துக்குடிக் கரையிலிருந்து இந்தக் கரை ஏறத்தாழ 200 கிலோமீற்றர் தூரமே. இரண்டு கரைகளுக்கும் நடுவே ஒரே மன்னார் வளைகுடா. இரண்டு பக்கமும் முத்துச் சிப்பிப் படுகைகள். ஒரு பக்கம் கொற்கை, மறுபக்கம் சிலாபத்துறையும் அரிப்பும். முத்துக்குளிப்பைச் 'சலாபம்' என்று சொல்லும் வழக்கும் இரு கரைக்கும் பொதுவானது.

எனவே பொம்பரிப்பில் புதைந்தவர்கள் தமிழர்கள் என்று எழுதிவிடலாமா? 1984 இல் நான் அப்படித்தான் எழுதியிருப்பேன். இன்று எழுத மாட்டேன். காரணத்தையும் சொல்ல வேண்டும்.

தாழியில் எழுத்து இல்லை. எலும்பு மொழி பேசுவதில்லை. கறுப்பு-சிவப்பு மட்கலங்கள் பொம்பரிப்பில் மட்டுமல்ல, யாழ்ப்பாணத்துக் கந்தரோடையிலும் கிடைக்கின்றன. அநுராதபுரத்தின் பழைய நகரப் பகுதியில், ஆழத்துப் படைகளிலும் கிடைக்கின்றன. இவற்றையெல்லாம் ஒருசேர வைத்துப் பார்த்த பேராசிரியர் கா. இந்திரபாலா 2005 இல் வெளியிட்ட நூலில் ஒரு முக்கியமான முடிவுக்கு வருகிறார். தென்னிந்தியாவுடன் நெருங்கிய உறவுடைய இந்த ஆதி இரும்புக்கால மக்களே பிற்காலத்தில் சிங்களவர் என்றும் தமிழர் என்றும் உருப்பெற்ற இரு இனக்குழுக்களுக்கும் பொதுவான அடித்தளம் என்பது அவரது வாதம். அதாவது, பொம்பரிப்பின் தாழிகளில் உறங்குபவர்கள் என் மூதாதையர் என்றால், என்னுடன் வந்த நொச்சியாகமை வழிகாட்டிக்கும் அவர்கள் மூதாதையரே.

இந்த முடிவு இரு தரப்பு மேடைப் பேச்சாளர்களுக்கும் உவப்பானதல்ல. அதனாலேயே இந்த இடத்தைப் பற்றி எவரும் அதிகம் பேசுவதில்லையோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. பங்கு போட முடியாத சொத்தைப் பராமரிக்க யாரும் முன்வருவதில்லை.

செம்மண் முனை

நண்பகலுக்குச் சற்று முன்னர் குதிரைமலையை அடைந்தோம். மலை என்ற சொல் இங்கு மரியாதைக்காக வழங்குவது. ஓரிரு பனை உயரத்துக்குக் கடலை நோக்கிச் செங்குத்தாக நிற்கும் ஒரு செம்மண் முனை, அவ்வளவுதான். சோளகக் காற்று பலமாக வீசிற்று. கீழே கடல் கலங்கி, கரையோரம் செந்நிறமாகவே இருந்தது. இறங்கி நின்று அந்த மண்ணைக் கையில் அள்ளினேன். உள்ளங்கை செம்பு நிறமாயிற்று.

மகாவம்சம் கூறும் கதையை அந்தக் கணத்தில் நினைக்காதிருக்க முடியாது. கப்பலிலிருந்து இறங்கிய விஜயனின் தோழர்கள் களைத்துத் தரையில் கையூன்றியபோது, செம்மண் பட்டுக் கைகள் செம்பு நிறமாயின என்றும், அதனால் அந்த இடம் தம்பபண்ணி எனப் பெயர் பெற்றது என்றும் அந்நூல் சொல்கிறது. அந்த இடம் இதுவே என்பது ஒரு சாராரின் நம்பிக்கை. காட்டினுள் காளி வில்லு அருகே உள்ள இடிபாடுகளைக் குவேனியின் மாளிகை என்கிறார்கள். மரதன்மடுவப் பகுதியில் உள்ள சிதைவுகளை, துட்டகைமுனுவின் மகன் சாலிய இளவரசன் அசோகமாலையுடன் வாழ்ந்த இடம் என்கிறார்கள்.

தமிழ் மக்களிடம் வேறொரு கதை இருக்கிறது. குதிரைமலை அல்லி அரசாணியின் தலைநகர். முத்து வாணிகத்தால் செழித்த அவளது நகரைக் கடல் கொண்டது என்பது அது. முனையில் சிதறிக் கிடக்கும் செங்கல், சாந்துத் துண்டுகளைக் காட்டி, வானளாவ நின்ற ஒரு குதிரைச் சிலையின் குளம்பு இது என்று சொல்வோரும் உளர். அங்கே ஏதோ ஒரு பழங்கட்டடம் இருந்திருக்கிறது என்பதற்கு மேல் என் கண்ணுக்கு எதுவும் புலப்படவில்லை.

இரண்டு கதைகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும. குவேனி இந்த மண்ணின் பெண். கடல் கடந்து வந்தவனை மணந்து, பின்னர் கைவிடப்பட்டவள். அவளைத் துரத்திவிட்டு விஜயன் பெண் எடுத்தது மதுரையிலிருந்து. அல்லியோ, தமிழ்நாட்டுக் கதைப்பாடலில் மதுரையை ஆண்டவள். வடக்கிருந்து வந்த அருச்சுனனால் வஞ்சகமாக வெல்லப்பட்டவள். இரு மொழிகளும் இந்தக் கரையில் ஒரு தனித்த அரசியையே குடியேற்றியிருக்கின்றன. இரு கதைகளிலும் மதுரை இருக்கிறது. தனித்தனியே பாதுகாக்கப்படும் கதைகளுக்குள் இத்தனை உறவு இருப்பதை நாம் கவனிப்பதில்லை.

றோமாபுரியின் நாணயம்

கதையை விட்டுப் பதிவுக்கு வருவோம். கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த றோமானிய அறிஞர் பிளினி, தமது 'இயற்கை வரலாறு' நூலின் ஆறாம் பாகத்தில் ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடுகிறார். செங்கடல் பகுதியின் வரி வசூலைக் குத்தகைக்கு எடுத்திருந்த அன்னியஸ் புளோகாமஸ் என்பவரின் பணியாளன், அடிமைத்தளையிலிருந்து விடுவிக்கப்பட்டவன், அரேபியக் கரையோரம் செல்கையில் காற்றில் அடிபட்டுப் பதினைந்தாம் நாள் தப்ரபேனில், அதாவது இலங்கையில், 'ஹிப்புறோஸ்' என்ற துறையில் கரை சேர்ந்தான். அரசன் அவனை ஆறு மாதம் உபசரித்தான். அவன் இந்நாட்டு மொழியைக் கற்றான். அவனிடமிருந்த வெள்ளி நாணயங்களில் வெவ்வேறு பேரரசர்களின் உருவம் இருந்தும் எடை மட்டும் ஒன்றாகவே இருந்ததைக் கண்டு, றோமானியரின் நேர்மையை அரசன் வியந்தான். கிளாடியஸ் பேரரசரிடம் நால்வர் கொண்ட தூதுக்குழுவையும் அனுப்பினான்.

கிரேக்க மொழியில் 'ஹிப்போஸ்' என்றால் குதிரை. ஆகவே ஹிப்புறோஸ் குதிரைமலையே என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து பலர் எழுதி வந்துள்ளனர். கேட்க இனிமையானதுதான். ஆயினும் இதுவும் பெயரை மட்டும் வைத்துக் கட்டிய பாலம். இதைவிட உறுதியான சான்று எகிப்தில் கிடைத்தது. செங்கடல் துறைமுகமாகிய பெரெனிகேயை நோக்கிச் செல்லும் பாலைவனப் பாதையில், புளோகாமஸின் ஆளான லைசாஸ் என்பவன் தன் பெயரைப் பாறையில் பொறித்துச் சென்றிருக்கிறான். அதன் காலம் கி.பி. 6. எனவே புளோகாமஸ் குடும்பம் கற்பனையல்ல. அவர்களின் ஆள் இறங்கிய துறை இதுதானா என்பதை இந்த முனையில் ஒரு முறையான அகழ்வு நடந்தாலன்றிச் சொல்ல முடியாது.

எடை மாறாத நாணயம் என்ற அந்தச் செய்தி மட்டும் என்னை விடவில்லை. முகம் எதுவாயினும் எடை ஒன்றாக இருக்க வேண்டும். வரலாறு எழுதுபவனுக்கும் செய்தி எழுதுபவனுக்கும் இதைவிடப் பெரிய விதி வேறென்ன?

அல்லி ராணிக் கோட்டை

மறுநாள் மதவாச்சி வழியாக மன்னாருக்கும் அங்கிருந்து அரிப்புக்கும் சென்றேன். கடலோரம் இடிந்து நிற்கும் ஒரு கட்டடத்தை ஊரவர் 'அல்லி ராணிக் கோட்டை' என்கின்றனர். அது அல்லியினுடையதல்ல. இலங்கையின் முதலாவது பிரித்தானிய ஆளுநரான பிரெட்ரிக் நோர்த், முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்வதற்காக 1801 க்கும் 1804 க்கும் இடையில் கட்டுவித்த மாளிகை. இருநூறு ஆண்டுகளுக்குள்ளேயே ஓர் ஆங்கிலேயனின் மாளிகை தமிழ் அரசியின் கோட்டையாக மாறிவிட்டது என்றால், ஈராயிரம் ஆண்டு பழைமையான இடங்களைப் பற்றிய நமது நினைவுகளை எவ்வளவு கவனத்தோடு கையாள வேண்டும்! நினைவு பொய் சொல்வதில்லை. ஆனால் அது தனக்குப் பிடித்தமான முகத்தையே நாணயத்தில் பொறித்துக்கொள்கிறது.

கடல் அந்தக் கட்டடத்தை நாள்தோறும் தின்றுகொண்டிருக்கிறது. அரைவாசிச் சுவர்களே எஞ்சியுள்ளன.

வில்பத்தின் வடக்கு எல்லைக்கு அப்பால் மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி ஆகிய முஸ்லிம் கிராமங்கள் இருக்கின்றன. 1906 இல் லெனாட் வூல்ப் என்ற இளம் அதிகாரி சலாபப் பணிக்காக அனுப்பப்பட்டது இதே மறிச்சுக்கட்டிக்குத்தான். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது இந்த ஊர்களும் வெறுமையாயின. போர் முடிந்து மக்கள் திரும்பி வந்தபோது அவர்களது நிலங்களைக் காடு மூடியிருந்தது. அதன்பின் எழுந்த காடழிப்புக் குற்றச்சாட்டுகளும் மீள்குடியேற்ற உரிமைக் கோரிக்கைகளும் நீதிமன்றம் வரை சென்றன. காடும் வேண்டும், ஊரும் வேண்டும். இரண்டையும் ஒரே எல்லைக்கோட்டில் எதிரெதிரே நிறுத்தியது யார் என்று கேட்டால், விடை மீண்டும் போரிலேயே போய் முடிகிறது.

ஒரு பழைய கடிதத்துக்குப் பதில்

பொம்பரிப்பிலிருந்து திரும்பும் வழியில் வழிகாட்டி ஒரு விடயம் சொன்னார். இவ்வளவு காலமும் இந்தத் தாழிகளைக் காத்தது தொல்பொருள் திணைக்களமும் அல்ல, வனஜீவராசிகள் திணைக்களமும் அல்ல. கரடியும் யானையும்தான் என்றார். சிரித்துக்கொண்டே சொன்னாலும் அது உண்மை. தேசிய பூங்காவாக இல்லாதிருந்தால் இந்த நிலம் எப்போதோ தோட்டமாகியிருக்கும். ஆனால் காட்டின் காவல் முழுமையானதல்ல. மாரி வெள்ளம் மண்ணை அரிக்கிறது. யானை மிதித்த தாழி உடையத்தான் செய்யும். கூரையும் வேலியும் மும்மொழியிலும் நேர்மையாக எழுதப்பட்ட ஒரு விளக்கப் பலகையும் கேட்பது பெரிய கோரிக்கையல்ல. அந்தப் பலகையில் எந்த இனத்தின் பெயரும் முதலில் வர வேண்டியதில்லை. கிடைத்தது எது, கிடைத்த ஆண்டு எது, அகழ்ந்தவர் யார் என்று எழுதினால் போதும்.

எனக்குக் கடிதம் எழுதிய ஆசிரியர் இன்று உயிருடன் இல்லை. 1990களில் அவர் இடம்பெயர்ந்து வன்னியில் காலமானார் என்று மிகவும் பிந்தியே அறிந்தேன். அந்தக் கடிதமும் என்னிடம் இல்லை. 1980களின் பின்னரான இடப்பெயர்வுகளில் எத்தனையோ காகிதங்களோடு அதுவும் போய்விட்டது. ஆயினும் அதன் நான்கு வரிகளும் எனக்கு மனப்பாடம். அச்சேறிய என் கட்டுரையின் ஒரு வரிகூட இன்று நினைவில் இல்லை.

ஐயா, தங்கள் கடிதத்துக்குப் பதில் எழுதுகிறேன். போய்ப் பார்த்தேன். அருவி இல்லை. மிளகுக்கொடி இல்லை. தினைப்புனமும் இல்லை. செம்மண்ணும் காற்றும் கடலும்தான் இருக்கின்றன. பிட்டங்கொற்றனின் மலை இதுவல்ல என்பதே என் எண்ணம். ஆனால் அங்கிருந்து சில மைல் தெற்கே, காட்டுக்குள், தம் பெயரை எழுதிவைக்காத மனிதர்கள் தாழிகளில் உறங்குகிறார்கள். நான் அன்று தேடிய எந்த அரசனை விடவும் அவர்கள் நமக்கு நெருக்கமானவர்கள்.

தங்கள் கடிதத்தை நான் அன்று வெளியிட்டிருக்க வேண்டும்.